வெளிர் நிறக் காட்டேஜ் பாணியும் செட்டிநாட்டு வீடும்: தேக்குத் தூணுக்கு வெள்ளை அடிக்கலாமா?

ஜூன் 9

வாசகி ஒருவரின் கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஐயா காலத்து வீட்டில், பின்பகுதியான இரண்டாம் கட்டில், மூன்று அறைகளும் அவற்றின் முன்னால் உள்ள தாழ்வாரமும் எங்கள் பங்குக்கு வந்திருக்கின்றன. சென்னையிலிருந்து லீவுக்கு வந்தால் தங்கிக்கொள்ள அவற்றைச் சரிசெய்கிறோம். எனக்குப் பழைய இங்கிலீஷ் காட்டேஜ் பாணி ரொம்பப் பிடிக்கும். வெளிர் ரோஸ், பிஸ்தா பச்சை, கிரீம், பூப்போட்ட திரை, வெள்ளை மரச்சாமான். ஆனால் இங்கே எங்கு பார்த்தாலும் ஒரே இருட்டு. தூண், நிலை, பீரோ எல்லாம் தேக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளை அடித்துவிட்டால் வெளிச்சமாகிவிடும் என்கிறார் பெயின்டர். அடிக்கலாமா?

ஜூன் 9, இரவு

அடிக்காதீர்கள்.

ஜூன் 10

நேற்று ஒரே சொல்லில் நிறுத்தியது கோபத்தால் இல்லை, கரண்ட் போய்விட்டது. காரணத்தை இப்போது சொல்கிறேன்.

தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம். அதன்மேல் நேராக வெள்ளை அடித்தால் கொஞ்ச நாளில் கீழேயிருந்து மஞ்சள் ஊறித் திட்டுத் திட்டாக மேலே வரும். அதைத் தடுக்க முதலில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு கோட்டிங், பிறகு பிரைமர், அப்புறம்தான் பெயின்ட். உங்கள் பெயின்டர் இதைச் சொன்னாரா என்று கேளுங்கள். சொல்லி, ஒழுங்காக அடித்தும் விட்டார் என்றே வையுங்கள். பிற்காலத்தில் உங்கள் மகளுக்கு மரம் மரமாகவே இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றினால், கடைசல் தூணின் குழிவிலும் போதிகையின் (தூணின் தலைப்பகுதியின்) இதழ் இடுக்கிலும் ஏறிய வெள்ளையை யாராலும் முழுசாகச் சுரண்டி எடுக்க முடியாது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன தலைமுறை பர்மாவிலிருந்து கப்பலில் அனுப்பிய மரம் அது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்தக் காலமே முடிந்துபோனது.

உப்புத்தாள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிலையிலோ ஜன்னலிலோ ஏற்கெனவே பழைய எனாமல் பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததைத் தேய்த்தால் பறக்கும் தூள், தரையில் தவழும் பிள்ளையின் கைக்குப் போய் அங்கிருந்து வாய்க்குப் போகும். தேய்த்தே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, கசடை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பிள்ளைகளை அந்த வாரம் ஆயா (பாட்டி) வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஜூன் 14

தேவகோட்டை அண்ணன் ஒருவர் கேட்கிறார்: வெள்ளைக்காரன் அவ்வளவு அழகாக வெள்ளை அடித்து வைத்திருக்கிறானே, நாம் அடித்தால் மட்டும் என்ன குற்றம்?

அண்ணே, அவர்களுடைய காட்டேஜ் பெரும்பாலும் பண்ணைக் கூலிகளும் சின்னக் குடியானவர்களும் இருந்த வீடு. கை தூக்கினால் இடிக்கும் உத்தரம், சின்னச் சின்ன ஜன்னல், வருடத்தில் பாதி நாள் மேகமூட்டம். உள்ளே வரும் கொஞ்ச வெளிச்சத்தைச் சிதறவிடாமல் பிடித்துவைக்கத்தான் சுவரெல்லாம் சுண்ணாம்பு. மரச்சாமானும் முக்கால்வாசி பைன் மாதிரி மலிவு மரம். கணுவும் ஒட்டும் தெரியாமலிருக்கப் பெயின்ட் அடித்தார்கள். நமக்கு இரண்டு கஷ்டமும் கிடையாது. முற்றத்தில் வெளிச்சம் வேண்டாம் வேண்டாம் என்கிற அளவுக்குக் கொட்டுகிறது. மரமும் மறைத்து வைக்க வேண்டிய மரம் இல்லை.

இன்னொன்று. நம் வீடுகளில் உள்ள இருட்டு தற்செயலாக வந்தது இல்லை. சித்திரை வெயிலில் தெருவிலிருந்து திண்ணை ஏறி, முகப்பு தாண்டி, வளவுக்குள் (முற்றம் உள்ள உள்வீட்டுக்குள்) வந்தால் கண் குளிர்கிறதே, அது கட்டினவர்கள் கணக்குப் போட்டுச் செய்தது. வெளியே உயரமான மதில், உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்ந்த சரிவுக் கூரை. வெளிச்சம் மேலேயிருந்து தரையில் விழுந்து, தரையிலிருந்து திரும்பி அறைக்குள் வரும். அறைக்குள் வருகிற அந்த இரண்டாம் கை வெளிச்சத்தில் வெளிர் நிறங்கள் ரொம்ப அழகாக இருக்கும். நேர் வெளிச்சத்தில் அதே நிறம் வெளுத்துப் பல்லிளிக்கும்.

ஆக, தாழ்வாரத்தில் முற்றத்தைப் பார்த்த சுவருக்குப் பால்வெள்ளை வேண்டாம், கண் கூசும். மஞ்சள் காவி துளி சேர்த்த கிரீம் போடுங்கள். பிஸ்தாவும் வெளிர் நீலமும் உள் அறைக்கு.

ஜூன் 15

பல்பு! இதை எப்படி விட்டேன். 6500 கெல்வின் வெள்ளை டியூப்பின் கீழே வெளிர் ரோஸ் சுவரைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு நினைவு வரும். டப்பாவில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் வெளிச்சப் பல்பை வாங்குங்கள். எந்த நிறத்தையும் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு அடித்து, பகலிலும் பார்த்து, ராத்திரி அந்தப் பல்பைப் போட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடையில் தரும் வண்ண அட்டையை நம்பி எடுக்கக் கூடாது.

ஜூன் 23

சுவருக்கு வருகிறேன். இது நீளும்.

முதலில் உங்கள் சுவர் எந்த வகை என்று கையால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று முகம் தெரிகிற மாதிரி இருந்தால் அது பழைய மெருகுப் பூச்சு. நன்றாக ஊறிய சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு என்று போட்டு, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. அந்தச் சுவரில் எதையுமே அடிக்காதீர்கள். பெயின்ட் பிடிக்காது, சுண்ணாம்பும் பிடிக்காது, எல்லாம் உரிந்துதான் வரும். மெல்லிய ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதன் நிறமே லேசான தந்த நிறம். நீங்கள் படம் பார்த்துத் தேடிக்கொண்டிருக்கும் கிரீம் அதுதான், காசு கொடுக்காமல் கிடைத்திருக்கிறது.

சொரசொரப்பான சாதாரணச் சுண்ணாம்புச் சுவராக இருந்தால் வெள்ளையடிப்புதான். எமல்ஷன் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கும், வெளியே விடும். பிளாஸ்டிக் எமல்ஷன் அதன்மேல் ஒரு தோல் போட்டு மூடிவிடும். ஐப்பசி மழையில் அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும். கார்த்திகையில் விரலால் தொட்டால் அப்பளமாக உடைந்து விழும். பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் பத்து வருடம் வரும் என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது சிமென்ட் சுவருக்கு.

கலப்பு முறை: நீற்றின சுண்ணாம்பை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, நீர்மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். திக்காக அடித்தால் வெடிக்கும். சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, சுவர் அழுக்காக ஈரமாக நிற்கும். பெயின்டரோடு சண்டை போடாதீர்கள். காய்ந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக் கெட்டிப்பட்ட பிறகுதான் வெள்ளை எழும். அடுத்த கோட்டிங் மறுநாள். இரண்டு மூன்று தடவை மெலிசாகப் போட்டால் எமல்ஷனில் எந்தக் காலத்திலும் வராத ஒரு பொடிப்பூத்த மென்மை வரும். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணையே கெடுத்துவிடும்.

நிறத்துக்கு: நீலப்பொடி, காவி, மஞ்சள் காவி. இந்த மூன்றுக்கும் சுண்ணாம்பின் காரம் ஆகும். வெளிர் ரோஸ் வேண்டுமா, செங்காவி கொஞ்சம். பிஸ்தாவுக்குப் பச்சை ஆக்சைடு. ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் பாதிக்கு மேல் வெளுக்கும், அதை மனதில் வைத்துக் கலக்குங்கள்.

ஜூன் 24

கோட்டையூர் ஆச்சி திருத்தியிருக்கிறார்கள்: நீலப்பொடி என்றால் துணிக்குப் போடும் சொட்டு நீலம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடு, சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நியாயம். சொட்டு நீலம் வெறும் சாயம். சுண்ணாம்பிலும் வெயிலிலும் நிற்காது. பழைய காலத்தில் கலந்தது அல்ட்ராமரின் பொடி. அதிலும் கடைக்காரர் வேறு எந்தக் கருநீலத்தையாவது நீட்டினால், அது சுண்ணாம்புக்கு ஆகுமா என்று கேட்டு வாங்குங்கள். பிரஷ்யன் நீலம் காரத்தில் நிறம் போய்விடும்.

எமல்ஷன் டப்பாவில் முட்டை வெள்ளைக்கருவை ஊற்றினால் பளபளப்பு வருமா என்று கேட்ட தம்பிக்கு: வராது. நாற்றம் வரும். ஆம்லெட் போட்டுச் சாப்பிடுங்கள்.

ஜூலை 2

பூப்போட்ட துணி இங்கிலாந்திலிருந்து வரவழைக்க எவ்வளவு ஆகும் என்று முதல் கேள்வி கேட்ட கானாடுகாத்தான் தங்கச்சி கேட்டிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அந்தப் பூத்துணியே நம் கரையிலிருந்து அங்கே போனது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறது. துவைத்தாலும் போகாத நிறம் என்பதுதான் அவர்களுக்கு அதிசயம். சீமாட்டி முதல் வேலைக்காரி வரை எல்லோரும் அதையே கேட்க, அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கிக் கூச்சல் போட்டார்கள். இங்கிலாந்தில் 1701 முதல் இறக்குமதிக்குத் தடை. 1721 சட்டத்தில் உடுத்துவதற்கும் வீட்டில் போடுவதற்குமே தடை. 1774-இல்தான் நீக்கினார்கள். பிரான்சில் 1686 முதல் 1759 வரை. தடை போட்டும் கள்ளத்தனமாக வாங்கினார்களாம், அது வேறு கதை. பிறகு அவர்களே இயந்திரத்தில் அச்சடிக்கக் கற்றுக்கொண்டு, கொடியையும் பூவையும் தங்கள் ரோஜாவாக மாற்றி, நாற்காலி உறையிலும் திரையிலும் போட்டார்கள். இன்றைக்குப் படத்தில் நாம் பார்த்து ஏங்குவது அதன் பேத்தி.

எனவே கப்பல் கூலி கொடுக்க வேண்டாம். தஞ்சாவூர் மாவட்டத்தில் கருப்பூர் கலம்காரி இன்னும் கையால் எழுதுகிறார்கள். அது அடர் நிறம், உங்கள் பிஸ்தாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் அதட்டும். ஒரு மெத்தை உறைக்கு வைத்துக்கொள்ளலாம். திரைக்குச் சாதாரணப் பூப்போட்ட பருத்தித் துணி எடுத்து, தைப்பதற்கு முன்பே நாலைந்து முறை துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும், வெளுக்க வேண்டியதும் வெளுத்துவிடும்.

ஜூலை 20

ஆடிக் காற்று. காலையில் பெருக்கினால் மதியம் காலடித் தடம் தெரிகிறது.

இந்தச் சமயத்தில் வெள்ளைச் சோபா பற்றிப் பேச வேண்டும். அலங்காரத்துக்குத் தேய்ந்த வெள்ளைச் சாமான், தொளதொள உறை என்ற பாணியைப் பெரிய வியாபாரமாக்கியவர் ரேச்சல் ஆஷ்வெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1989-இல் அமெரிக்காவில் சாண்டா மோனிகாவில் கடை போட்டார். அவருடைய யோசனையின் உயிரே உறையைக் கழற்றித் துவைக்கலாம் என்பதுதான். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காக யோசித்த விஷயம். நம் ஊர்க் கடைக்காரர்கள் அதைப் பார்த்து வெள்ளை ரெக்சினில் ஆணியடித்துச் சோபா செய்து விற்கிறார்கள். கழற்றவும் முடியாது, துவைக்கவும் முடியாது. ஆடியில் வாங்கினால் ஆவணியில் செம்மண் நிறம்.

உறை போடுவதென்றால் பிரம்பு பின்னிய பழைய நாற்காலிக்கோ நீளக் கை வைத்த ஈசிச்சேருக்கோ காடாத் துணியில் தைத்துப் போடுங்கள். சாயம் ஏற்றாத காடாவின் நிறம் வெள்ளையைவிடப் புழுதியைப் பொறுக்கும். நாடா வைத்து முடிச்சுப் போட்டால் போதும், ஜிப் வேண்டாம்.

ஜூலை 21

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, அப்படியானால் இந்தப் பாணியே நம் ஊருக்கு ஆகாது என்கிறீர்களா என்று ஒருவர் கேட்கிறார். அப்படிச் சொல்லவில்லை. என் வீட்டிலேயே ஒரு அறை அப்படித்தான் இருக்கிறது, பெயர் வைக்காமலேயே.

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு என் அப்பத்தா உடுத்திய கண்டாங்கிச் சேலையைத் திரையாகப் போட்டிருக்கிறேன். புதுக் கண்டாங்கி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அரக்கும் மஞ்சளும் கறுப்பும் கட்டம் கட்டமாக, அகலக் கரையோடு, எதிரே நிற்பவரைக் கூப்பிட்டு நிறுத்துகிற நிறம். 2019-இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது. ஆனால் அப்பத்தா உடுத்தித் துவைத்து, கொடியில் வெயில் தின்று, இப்போது அரக்கு காய்ந்த ரோஜா நிறமாகிவிட்டது. மஞ்சள் சந்தனமாகிவிட்டது. கறுப்புக் கோடு மட்டும் சாம்பலாக நிற்கிறது. சாயங்காலம் வெயில் பின்னாலிருந்து வரும்போது ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரியும், முந்தானைப் பக்கம் எங்கோ முள்ளில் கிழிந்து அப்பத்தா வேறு நூலில் தைத்த இடமும் தெரியும். கீழே தேக்கு ஜன்னல் படி, கன்னங்கரேல் என்று. அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் அந்தத் திரையின் மென்மை எடுபடாது. இதற்குத்தான் தூணைத் தொடாதே என்று முதல் நாளே சொன்னேன்.

வெளிர் நிறத்தை வாங்கவும் செய்யலாம், வெளுக்க விட்டும் பெறலாம். இரண்டாவது வழி நம் பெட்டகங்களில் மடித்துக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 11

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்வந்தேன். எனாமல் சாமான் தேடிப் போனது. வெள்ளையில் நீல விளிம்பு, கிரீமில் பச்சை விளிம்பு, வெளிர் பச்சையில் பூ. காட்டேஜ் பாணிக்கு வேண்டிய அத்தனை நிறமும் அந்த அலமாரிகளில் அடுக்கியிருக்கிறது. கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும்போது சைஸ் வாரியாக அடுக்கி வைத்தவை. சிலதைக் கவிழ்த்தால் அடியில் ஸ்வீடன் என்றும் ஜப்பான் என்றும் முத்திரை இருக்கும். தூக்குச்சட்டியில் நந்தியாவட்டையோ இட்லிப்பூவோ செருகி வையுங்கள், சீமை ரோஜா தேவையில்லை. எனாமல் உதிர்ந்து இரும்பு தெரிகிற சட்டியில் சமைக்கவோ சாப்பிடவோ வேண்டாம். வெங்காயம் போட்டு வைக்கலாம்.

பேரம்: முதல் விலையைக் கேட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள், டீ வாங்கித் தருவார்கள், குடியுங்கள், அப்புறம் பேசுங்கள். பழசு மாதிரி செய்த புதுசும் நிறைய. வெள்ளை அடித்து முனைகளில் மட்டும் சுரண்டிவிட்ட ஸ்டூலைக் காட்டினால், கை படும் இடத்தில் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கையே படாத மூலையில் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை.

அந்தத் தெருவில் எனக்கு எப்போதும் மனசு இரண்டுபடும். சாமான் என்றால் சரி. நிலைக்கதவும் தூணும் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்தால், எந்த ஊரில் எந்த வீட்டைப் பிரித்தார்களோ என்று இருக்கிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இலேயே நம் ஊர்கள் ஏறிவிட்டன. பட்டியல் பாட்டுக்குப் பட்டியல், கடப்பாரை பாட்டுக்குக் கடப்பாரை. நாம் வாங்காவிட்டாலும் பெங்களூர் ஓட்டலுக்குப் போகப் போகிறது என்பார் கடைக்காரர். அவர் சொல்வதிலும் பொய் இல்லை. நான் கதவு வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 12

ஜூனில் மரத்துக்குப் பெயின்டே கூடாது என்று தொனிக்க எழுதினேன் என்று ஒரு வாசகர் பிடித்துக்கொண்டிருக்கிறார். தேக்கைப் பற்றித்தான் பேசினேன். யோசித்துப் பார்த்தால் பெயின்ட் ஆசையைத் தீர்த்துக்கொள்ள வீட்டில் வேறு சாமான் இருக்கிறது. பிளைவுட் ஷெல்ஃப், மாமரப் பெஞ்சு, அடுப்படி ஸ்டூல். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இரும்பு பீரோ! பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் எல்லார் வீட்டிலும் ஒன்று நிற்கிறதே, அதற்குத் துருவெடுத்து, மெட்டல் பிரைமர் அடித்து, பிஸ்தா பச்சை அடித்துப் பாருங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

செப்டம்பர் 5

தரை பற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன், இன்று கேட்டுவிட்டார்கள். ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் சிமென்ட் தரைக்கல்) சிவப்பும் மஞ்சளுமாகக் கத்துகிறது, வெளிர் சுவரோடு ஒட்டவில்லை, மாற்றிவிடலாமா?

பழைய கல்லைப் பெயர்க்க வேண்டாம். பெயர்த்தால் உடையும், அதே அளவும் அச்சும் திரும்பக் கிடைக்காது. சுவர் நிறத்தைத் தரையிலிருந்து எடுங்கள். கல்லில் ஓரமாக ஒரு சாம்பல் பச்சையோ மங்கிய கிரீமோ நிச்சயம் இருக்கும், அதைச் சுவருக்குக் கொடுங்கள். ரொம்பக் கத்தினால் கட்டிலுக்குக் கீழே பத்தமடைப் பாய்.

புதிதாகத் தாழ்வாரத்துக்குப் போடுவதென்றால் ஆத்தங்குடிக்கே போய் நிறம் சொல்லிச் செய்யச் சொல்லலாம். செய்வதைப் பார்த்தால் நகரமாட்டீர்கள். தரையில் சதுரக் கண்ணாடி, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் தகட்டை வளைத்துச் செய்த அச்சு. ஒவ்வொரு கண்ணிலும் வண்ணச் சிமென்ட் கூழைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், பச்சை, கிரீம், சாம்பல், ஒரு சொட்டும் பக்கத்துக் கண்ணில் விழாது. அச்சை நேராகத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கோடு கலங்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, சாந்து வைத்து, கரண்டியால் மட்டம் தட்டுகிறார்கள். சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்தால் கண்ணாடி கழன்றுகொள்ளும். கல்லின் வழுவழுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான்.

வெளிர் நிறத்துக்கு வெள்ளை சிமென்டில் நிறத்தைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். சாப்பிடும் இடத்துக்கு மட்டும் வேண்டாம், மஞ்சள் கறை ஏறினால் இறங்காது. புதுக் கல்லுக்கு உமி பரப்பி நடமாட விடுவார்கள், பிறகு தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பது. ஆசிட் ஊற்றிக் கழுவும் ஆளை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். சிமென்டை ஆசிட் தின்றுவிடும்.

செப்டம்பர் 6

ஆத்தங்குடிக் கல்லில் வழுக்குமா? வழுக்கும், தண்ணீர் கிடந்தால். குளியலறைக்குப் போடாதீர்கள்.

அக்டோபர் 3

தங்கச்சி எழுதியிருக்கிறார்: தாழ்வாரச் சுவருக்கு நிறம் மாற்றப் பங்காளி ஒருவர் கோலாலம்பூரிலிருந்து ஆட்சேபம். இது வரும் என்று எதிர்பார்த்தேன். அறை உங்களுடையது, தாழ்வாரம் பொது என்று பாகப் பத்திரத்தில் இருக்கலாம், எடுத்துப் படியுங்கள். பொது என்றால் மற்ற பங்குக்காரர்களைக் கேட்காமல் ஒரு கோடு இழுக்க முடியாது. ஒரு யோசனை: வெளிர் ரோஸ் என்று சொல்லாதீர்கள். வெள்ளையடிக்கிறோம், கொஞ்சம் காவி சேர்க்கிறோம் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். எந்த அண்ணனும் வெள்ளையடிப்புக்கு மறுப்புச் சொன்னதில்லை, அதுவும் செலவு உங்களுடையது என்றால்.

சுவரில் ரவிவர்மா லித்தோ (கல்லச்சு) படங்கள் மாட்டியிருந்தால் கழற்றும்போது பின்னால் உள்ள தகட்டையும் சேர்த்துப் பிடியுங்கள். 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்துப் படங்கள் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் தொங்குகின்றன. காகிதம் அப்பளமாகியிருக்கும். ஈரச் சுவரில் திரும்ப மாட்டாதீர்கள். வெளிர் சுவரில் அந்தச் சரஸ்வதியும் லட்சுமியும் எவ்வளவு எடுப்பாக இருக்கிறார்கள் என்று பார்த்தால் பூப்போட்ட வால்பேப்பரைத் தேடமாட்டீர்கள்.

நவம்பர் 18

மழை. தங்கச்சி அனுப்பிய படங்கள் வந்தன, பார்த்தேன். நடு அறை பிஸ்தா நன்றாக இறங்கியிருக்கிறது. மூலையில் அடியிலிருந்து முழ உயரத்துக்குக் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஈரம். சுவர் மூச்சுவிடுகிறது. தை மாதம் காய்ந்ததும் திரும்ப ஒரு கை அடித்தால் போய்விடும். ஆனால் மேலேயிருந்து கீழே கோடாக வடிந்திருப்பது வேறு சமாசாரம். அது ஓடு விலகியது. மழை விட்டதும் ஆளை ஏற்றிப் பாருங்கள். நிறத்துக்கு முன்னால் ஓட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்று கோட்டையூர் ஆச்சி சொல்கிறார்கள், நானும் அதையேதான் சொல்வேன்.

தூணைத் தொடவில்லை என்று படத்தில் தெரிகிறது. சந்தோஷம். அரக்குப் பாலிஷ் வெளிறியிருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு கை போடச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் வேண்டாம், ஈரக் காற்றில் பாலிஷ் வெள்ளை பூக்கும்.

டிசம்பர் 7

கடைசியாகக் கேட்டது, நாலு கால் கட்டிலுக்கு மேலே லேஸ் துணி தொங்கவிடலாமா, காட்டேஜ் படங்களில் இருப்பது போல. தங்கச்சி, உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஊருணி இருக்கிறது. அங்கே லேஸ் எதற்கு, கொசுவலை கட்டுங்கள். பார்க்க அதே அழகு, தூக்கமும் வரும். பருத்தி வலை கேளுங்கள், நைலான் வேண்டாம், அது மினுக்கும், புழுக்கமும். வெள்ளையாக வாங்கி, டீத்தூள் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் கிரீம் நிறம் கிடைக்கும். கீழ்ப் பக்கம் மெத்தைக்கு அடியில் செருகுகிற அளவுக்கு நீளம் வையுங்கள். தரையில் புரள விட்டால் பல்லி ஏறும்.